யாருடைய மார்க் அது?

"இவ்வளவு மார்க் எடுத்துட்டு ஆர்ட்ஸ் காலேஜுக்குப் போறேன்னு சொல்றியே, மார்க் எல்லாம் வேஸ்ட் ஆயிடாதா?"

அப்பா கேட்டார். அம்மா கேட்டாள். சித்தப்பா கேட்டார். பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள். வீட்டுக்குப் பால் ஊற்ற வந்தவர்கூட வாசலில் நின்று கேட்டார். பதினேழு வயதுப் பெண்ணைச் சுற்றி நின்று ஓர் ஊரே கேட்டது. இந்தப் பெண் வேஸ்ட் ஆகிவிடுவாளோ என்று அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அத்தனை பேருக்கும் கவலை மார்க்கைப் பற்றி.

அந்த மார்க்கை எடுத்தது நான். ராத்திரி கண்விழித்தது நான். விரல் வீங்க எழுதியது நான். ஆனால் எடுத்து முடித்த நிமிஷத்திலிருந்து அது என் கையில் இல்லை. குடும்பத்துப் பொதுநிலம் மாதிரி ஆகிவிட்டது. தரிசாகப் போடவோ, வேறு பயிர் வைக்கவோ எனக்கு உரிமை கிடையாது. பாடுபட மட்டும் உரிமை உண்டு. இன்றைக்கு முப்பதைத் தாண்டி நிற்கிறேன். இன்னும் ஆறவில்லை. ஆறிவிட்டது என்று சொல்லிச் சொல்லியே பல வருஷம் ஓட்டியாகிவிட்டது. இனிமேல் முடியாது. சொல்லத்தான் போகிறேன்.

நான் கெட்டிக்காரி என்பதை எனக்கு விவரம் தெரிவதற்கு முன்பே ஊர் முடிவு செய்துவிட்டது. "ஒரு தடவ சொன்னா போதும், புடிச்சுக்குவா" என்று அம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவாள். அதில் எத்தனை பெருமை, எத்தனை ஏக்கம் என்று எனக்குத் தெரியும். அம்மாவை எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். அவளுடைய பெருமையை நான் பழிக்கவில்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியம் என்னை என்ன செய்தது என்று யாராவது யோசித்தீர்களா? ஒரு தடவை சொன்னால் பிடித்துக்கொள்கிறவள் இரண்டாம் தடவை கேட்கக் கூடாது. புரியவில்லை என்று கை தூக்கக் கூடாது. ஆறாம் வகுப்பில் இரண்டாம் ரேங்க் வந்தேன். வீட்டில் யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. பக்கத்து வீட்டு அத்தைதான் கேட்டாள்: "ஏன்டி, பரீட்சையப்ப உடம்பு சரியில்லையா?" ஆமாம், காய்ச்சல் என்றேன். எனக்குக் காய்ச்சலும் இல்லை, ஒன்றும் இல்லை. இரண்டாவதாக வருவதற்கு நோய் ஒன்றுதான் காரணமாக இருக்க முடியும் என்று பதினோரு வயதுக் குழந்தைக்குப் புரியவைத்திருந்தார்கள்.

1998-ல் அமெரிக்காவில் கிளாடியா முல்லர், கேரல் ட்வெக் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சில புதிர்களைக் கொடுத்து, போட்டு முடித்ததும் சிலரைக் கெட்டிக்காரர்கள் என்று பாராட்டினார்கள். சிலரை நன்றாக உழைத்ததற்காகப் பாராட்டினார்கள். வேறுபாடு அந்த ஒரு வாக்கியம் மட்டும். கெட்டிக்காரப் பட்டம் வாங்கிய பிள்ளைகள் பலர் அடுத்து எளிதான புதிர்களையே கேட்டார்கள். கடினமானதைக் கொடுத்துத் தடுமாற விட்டபிறகு, முதலில் போட்ட அளவுக்குக்கூட அவர்களால் போட முடியாமல் போனது. எத்தனை சரி என்று வேறு பள்ளியில் படிக்கும் முகம் தெரியாத பிள்ளைக்கு எழுதச் சொன்னபோது, அவர்களில் ஏறக்குறைய பத்துக்கு நான்கு பேர் கூட்டி எழுதினார்கள். யாரும் தண்டிக்கப்போவதில்லை, யாரும் பரிசு தரப்போவதில்லை, அப்போதும் கூட்டி எழுதினார்கள்!

வேலைக்குப் போய்ப் பல வருஷம் கழித்துத்தான் இதைப் படித்தேன். படித்துவிட்டு வாய்விட்டு அழுதேன். அந்தப் பிள்ளைகளுக்கு வந்ததும் என் காய்ச்சல்தான். 1998-ல் நான் ஒன்றாம் வகுப்பில் இருந்தேன். அப்போதே தெரிந்திருந்த ஒன்று, ஏன் எங்கள் ஊருக்கு வந்து சேரவில்லை? எங்கள் ஆசிரியர்களில் ஒருவருக்காவது பயிற்சி வகுப்பில் யாராவது சொல்லியிருக்கக் கூடாதா?

எனக்கு ஆசை என்று ஒன்று இருந்தது. என்ன ஆசை என்று யாரும் கேட்டதில்லை என்பதால் இங்கே விரிவாகவே சொல்கிறேன்.

எங்கள் ஊர் கொள்ளிடக் கரையில் இருக்கிறது. அங்கே சின்னதாக ஒரு சிவன் கோயில். கருவறையைச் சுற்றி, அதிட்டானம் என்கிற அடித்தளம் முழுக்கச் சோழர் காலத்து எழுத்து. விடுமுறை நாட்களில் எங்கள் வரலாற்று ஆசிரியர் நாலைந்து பிள்ளைகளை அங்கே கூட்டிப்போவார். கல்லைத் தேய்த்துக் கழுவி, ஈரத்தாளை அதன்மேல் ஒட்டி, எழுத்தின் பள்ளத்துக்குள் தாள் இறங்கும்வரை தூரிகையால் தட்டுவார். பிறகு மையைத் துணிப்பந்தால் ஒற்றி எடுப்பார். சுற்றிலும் கறுத்து, எழுத்து மட்டும் வெள்ளை வெளேரென்று மேலே வரும். அந்த மைப்படியை விரித்து வைத்துக்கொண்டு கோயில் தளத்தில் குப்புறப் படுத்து எழுத்துக் கூட்டுவோம். மெய்க்குப் புள்ளி இருக்காது. எகரமா ஏகாரமா என்று கல் சொல்லாது. நடுவில் கிரந்தம் வந்து வழி மறிக்கும். நானாக முதலில் படித்து முடித்தது ஒரு விளக்குக் கொடை. நந்தா விளக்கு ஒன்று எரிய யாரோ 96 ஆடு கொடுத்திருந்தார்கள். 'சாவா மூவாப் பேராடு' என்று இருந்தது. சாகாத ஆடு எங்கே சார் இருக்கு என்று கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார்: ஆட்டைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும்; கிழடு செத்தாலும் குட்டி போட்டு மந்தை குறையாமல் நிற்கும்; தலைமுறை தலைமுறையாக விளக்கு எரியும். ஒரு முழு ஊரின் வாழ்க்கை, பொருளாதாரம், பக்தி எல்லாம் நான்கு வரியில் என் விரலுக்கடியில் இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

ஒருமுறை தஞ்சைப் பெரிய கோயிலுக்கும் கூட்டிப்போனார். தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேருடைய பெயரை, எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பதோடு ராஜராஜன் காலத்தில் அங்கே வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு வீடு, ஆண்டுக்கு 100 கலம் நெல். மாமன்னன் கட்டிய கோயிலில் ஆடல் மகளிரின் வீட்டு வரிசை! நான் அன்றைக்கு முழுக்க அந்தச் சுவரை விட்டு நகரவில்லை.

இதைவிடவும் என்னை இழுத்தது வேறொன்று. கல்வெட்டுப் படிக்கிறவர் தெரியாததைத் தெரியாது என்று எழுதலாம். எழுதியே ஆக வேண்டும். கல் பொரிந்து எழுத்து போன இடத்தில் புள்ளிகள் வைப்பார்கள். ஐயத்துக்குரிய எழுத்தைப் பகர அடைப்புக்குள் போடுவார்கள். பேரறிஞர்கள் பதிப்பித்த தொகுதிகளைத் திறந்து பாருங்கள். பக்கத்துக்குப் பக்கம் புள்ளியும் அடைப்பும். பின்னால் வருகிறவர் திருத்திப் படிப்பார். முன்னவருக்கு அதில் அவமானம் ஒன்றுமில்லை. எல்லாம் தெரிந்தவளாக இருந்தே தீர வேண்டும் என்று விதிக்கப்பட்ட எனக்கு, மூச்சு விட இருந்த ஒரே இடம் அந்தக் கோயில் தளம்.

பத்தாம் வகுப்பில் 500க்கு 480க்கு மேல் வந்தது. அந்த வாரமே மாமா ஒரு விண்ணப்பத்தோடு வந்து இறங்கினார். நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளி. "நல்ல மார்க் இருந்தா ஃபீஸ் கொறைக்கிறாங்கக்கா, இந்த மாதிரி சான்ஸ் வராது" என்று அம்மாவிடம் சொன்னார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பள்ளிக்கு வேண்டியது என் மார்க். குடும்பத்துக்கு வேண்டியது அந்தப் பள்ளி தரப்போகும் மார்க். இரண்டு பக்கமும் பேரம் நன்றாகவே படிந்தது. பேரத்தில் கைமாறியது ஒரு பெண்பிள்ளையின் இரண்டு வருஷம்.

அங்கே பதினோராம் வகுப்பு பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. பாடப்புத்தகத்தைப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடச் சொன்னார்கள். சேர்ந்த முதல் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வகுப்புப் பாடம். இரண்டு வருஷமும் அதே பாடம். மறுபடி மறுபடி அதே பாடம். விடியற்காலை நாலரைக்கு மணி அடிக்கும். ஸ்டடி, டெஸ்ட், ஸ்டடி, டெஸ்ட். சாயங்காலம் அறிவிப்புப் பலகையில் மார்க் ஒட்டுவார்கள். 200க்கு 195க்குக் கீழே போனவர்கள் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு நின்றுகொண்டே படிக்க வேண்டும். புத்தகத்தில் இருக்கிற வாக்கியத்தை அப்படியே எழுத வேண்டும். சொந்தமாக ஒரு சொல் போட்டால் அரை மார்க் போச்சு. அடித்தல் திருத்தல் கூடாது. ஒரே ஓர் இடத்தில் எழுத்து அடிபட்டுவிட்டால் தாள் முழுவதையும் கிழித்துவிட்டு முதலிலிருந்து எழுதுவேன். யாரும் கிழிக்கச் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லாத அளவுக்கு என்னைப் பழக்கியிருந்தார்கள். ராத்திரி தூக்கத்தில் கை மட்டும் எழுதிக்கொண்டே இருக்கும் என்று பக்கத்துக் கட்டில் பெண் சொல்லுவாள்.

என் டிரங்குப் பெட்டியில் ஆசிரியர் கொடுத்த சில மைப்படி நகல்களை மடித்து வைத்திருந்தேன். விடுதிக் காப்பாளர் சோதனை போட்டபோது எடுத்தார். "இது சிலபஸ்ல இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன். எடுத்துக்கொண்டு போனார். திருப்பித் தரவே இல்லை.

இந்தப் பள்ளிகளில் நடப்பது அரசுக்குத் தெரியாமலா இருந்தது? ஊரறிந்த கதை. தெரிந்துதான் 2018 மார்ச்சில் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். அதற்கு முந்தைய வருஷம் மாநில ரேங்க் அறிவிப்பதையே நிறுத்தினார்கள். எங்களுக்கெல்லாம் காலம் கடந்து வந்த நல்ல காரியங்கள். 2025-ல் வந்த மாநிலக் கல்விக் கொள்கை அந்தப் பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வை எடுத்துவிட்டது. பிள்ளைகளுக்குச் சுமை என்றார்கள். சுமைதான், மறுக்கவில்லை. ஆனால் தேர்வை எடுத்தவர்கள், அந்த வகுப்பை மறுபடியும் விழுங்கப் பார்க்கிற பள்ளிகளை யார் கண்காணிப்பது என்பதையும் அதே மூச்சில் சொல்லியிருக்க வேண்டும். ரேங்க் போனது என்கிறீர்களே, மே மாதத்தில் பேருந்து நிலையத்துக்குப் போய்ப் பாருங்கள். பிளக்ஸ் பலகைகளில் பிள்ளைகளின் முகத்தை வரிசையாக ஒட்டி, நெஞ்சுக்கு நேரே மார்க்கை எழுதித் தொங்கவிட்டிருப்பார்கள். என் முகமும் அப்படித் தொங்கியது. மழை பெய்து, சாயம் வெளுத்து, யாரோ ஒரு டீக்கடைக்காரர் கூரைக்குப் போடக் கழற்றிப்போகும் வரை தொங்கியது.

மார்க் வந்தது. கட் ஆஃப் 200க்கு 198-ஐத் தாண்டியது. வரலாறு படிக்கிறேன், அதன்பிறகு கல்வெட்டியலுக்குப் போகிறேன், தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் அதற்கென்று ஒரு துறையே இருக்கிறது என்று ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன். அப்போது வந்ததுதான் முதலில் எழுதிய கேள்வி. அதற்கு மறுவாரம் கிண்டியில் கவுன்சிலிங். பெரிய திரையில் கல்லூரியும் பிரிவும் மிச்ச இடமும் ஓடிக்கொண்டிருந்தன. என் எண் வந்ததும் அப்பா எழுந்தார், நானும் எழுந்தேன். என் கட் ஆஃபுக்கு எது கிடைக்குமோ அதில் ஆகச் சிறந்ததை அப்பா காட்டினார். எலெக்ட்ரானிக்ஸ். உட்கார்ந்திருந்தவர் "இதுதானேம்மா?" என்று கேட்டார். என் வாழ்க்கையைப் பற்றி என் முகத்தைப் பார்த்துக் கேட்கப்பட்ட ஒரே கேள்வி அது. சில நொடிதான் இருந்தது. பின்னால் வரிசை நின்றது. நான் தலையசைத்தேன். குறைந்த மார்க் எடுத்த என் தோழி ஒருத்தி தனக்குப் பிடித்த விலங்கியலைத் திருச்சியிலேயே படித்தாள். அவளை யாரும் தடுக்கவில்லை. அவளிடம் வேஸ்ட் ஆவதற்கு மார்க் இல்லையாம். கெட்டிக்காரப் பிள்ளைக்குக் கதவுகள் எல்லாம் திறக்கும் என்பார்கள். எனக்குத் திறந்த கதவு ஒன்றுதான். மற்றவற்றை எல்லாம் என் மார்க்கே சாத்திவிட்டது.

டிசம்பர் 22 வந்தால் தேசிய கணித நாள் என்று ராமானுஜன் படத்துக்கு மாலை போடுகிறீர்கள். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் 1904-ல் உதவித்தொகையோடு சேர்ந்து, கணக்கைத் தவிர மற்றதில் மனம் போகாமல் தோற்று, அந்த உதவித்தொகையை இழந்தவர் அவர். சென்னை பச்சையப்பன் கல்லூரியிலும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. அதன்பிறகு வேலையும் இல்லை, பட்டமும் இல்லை, சிலேட்டும் நோட்டுப்புத்தகமும்தான். 1912-ல் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய் எழுத்தர் வேலை கிடைக்கும்வரை அப்படித்தான் போனது. அடுத்த ஆண்டு ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அவர் பட்ட வறுமையை நான் கொண்டாடவில்லை. முப்பத்திரண்டு வயதிலேயே அவர் இறந்துபோனார். நான் கேட்பது, அந்த வெற்று வருஷங்களில் அவர் உட்கார்ந்து கணக்குப் போட்ட திண்ணையை. இன்றைக்கு எந்த வீட்டில், எந்தப் பிள்ளைக்கு, தோற்றுவிட்டு உட்கார்ந்து தன் வேலையைச் செய்ய ஒரு திண்ணை இருக்கிறது? ஒரு வருஷம் சும்மா இருந்தால் 'கேப்' விழுந்துவிட்டது என்கிறீர்கள். மாலை போட மட்டும் ராமானுஜன் வேண்டும். வீட்டில் ஒருவன் பிறந்துவிடக் கூடாது.

வில்லியம் ஜேம்ஸ் சைடிஸ் என்று ஒருவர் அமெரிக்காவில் இருந்தார். இவரை நம் ஆட்கள் 'உலகத்திலேயே அதிக அறிவுள்ள மனிதன்' என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். அவர் பட்டதை யாரும் அனுப்புவதில்லை. 1898-ல் பிறந்தவர். தந்தை பெயர்பெற்ற உளவியலாளர். மகனைத் தன் கல்விக் கொள்கைக்குச் சான்றாகவே வளர்த்தார். 1909-ல், பதினோரு வயதில், ஹார்வர்டில் சேர்ந்தார். நாலு பரிமாணப் பொருள்களைப் பற்றி அங்கிருந்த கணித மன்றத்தில் பேசினார். பத்திரிகைகள் துரத்த ஆரம்பித்தன. பதினாறு வயதில் பட்டம் வாங்கினார். அதன்பிறகு அவர் விரும்பியது ஒன்றே ஒன்று: தன்னைத் தனியே விட்டுவிட வேண்டும். எழுத்தர் வேலைகள் பார்த்தார். எண் கூட்டும் இயந்திரத்தை இயக்கிப் பிழைத்தார். டிராம் வண்டிகளில் மாறிப்போகக் கொடுக்கும் சீட்டுகளைச் சேகரிப்பதில் அவருக்கு அளவில்லாத ஆனந்தம்; 1926-ல் அதைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே புனைபெயரில் எழுதினார். யாருக்கு என்ன கெடுதல்? ஆனால் விட்டார்களா? 1937-ல் நியூயார்க்கர் இதழ் அவர் தங்கியிருந்த அறை, அவர் பார்த்த வேலை, அவர் சிரிப்பு வரைக்கும் எழுதி ஊருக்குக் காட்டியது. அவர் வழக்குப் போட்டார். 1940-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அவர் ஒருகாலத்தில் பொதுமக்களின் ஆர்வத்துக்கு உரியவராக இருந்தார், அந்தக் குழந்தை பின்னால் என்ன ஆனது என்று அறிய மக்களுக்கு ஆர்வம் இருக்கும் என்ற போக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. நாற்பத்தாறு வயதில் மூளையில் ரத்தக்கசிவு வந்து இறந்தார்.

பதினோரு வயதில் கெட்டிக்காரனாக இருந்த குற்றத்துக்கு, நாற்பது வயதிலும் கணக்குச் சொல்ல வேண்டும் என்று ஒரு நீதிமன்றமே சொல்லிவிட்டது. எனக்கு அந்தத் தீர்ப்பைப் படித்தபோது எங்கள் தெருவின் குரல் கேட்டது. "அந்தப் பொண்ணு எவ்ளோ நல்லா படிச்சா, இப்ப என்ன பண்றா?" கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால் இந்தக் கேள்வி. துக்க வீட்டில் செருப்பைக் கழற்றினால் இந்தக் கேள்வி. நான் என்ன செய்துகொண்டிருந்தாலும் அவர்கள் எதிர்பார்த்ததற்கு அது குறைவு.

வேலைக்கு வந்தேன். பழைய மகாபலிபுரம் சாலையில் கண்ணாடிக் கட்டடம். நல்ல சம்பளம். வீட்டுக் கடன், தம்பி படிப்பு, அம்மாவின் முழங்கால் அறுவை எல்லாம் அதில் நடந்தது. அதைச் சொல்லிக் காட்டவில்லை, சந்தோஷமாகத்தான் செய்தேன். ஆனால் அந்தக் கட்டடத்துக்குள் நான் பட்ட பாடு யாருக்குத் தெரியும்? நாலு வரி மின்னஞ்சலை அனுப்ப அரைமணி நேரம் ஆகும். மீட்டிங்கில் சந்தேகம் வந்தால் கேட்க மாட்டேன். வீட்டுக்கு வந்து விடியும்வரை உட்கார்ந்து நானே கண்டுபிடிப்பேன். முடித்த வேலையை ஒப்படைக்காமல் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பச் சரிபார்ப்பேன். "இவங்க குடுத்தா பர்ஃபெக்டா இருக்கும்" என்று மேலாளர் எல்லார் முன்னாலும் பாராட்டினால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. அடுத்ததும் அப்படியே இருக்க வேண்டுமே! புதிய வேலை எதையும் நானாகக் கேட்டு வாங்கியதில்லை. புதியது என்றால் முதலில் தப்பு வரும். தப்புச் செய்து பழக எனக்கு யாரும் இடமே கொடுத்ததில்லை.

தாமஸ் கரன், ஆண்ட்ரூ ஹில் என்ற இருவர் அமெரிக்கா, கனடா, பிரிட்டன் நாடுகளில் 1989 முதல் 2016 வரை நடந்த ஆய்வுகளைத் திரட்டி 41,000க்கும் மேற்பட்ட கல்லூரி மாணவர்களின் விடைகளைப் பார்த்தார்கள். குறையே இருக்கக் கூடாது என்று தன்னைத்தானே வருத்திக்கொள்வது கூடியிருந்தது. ஆனால் மிக அதிகமாக, 33 சதவீதம், கூடியிருந்தது வேறொன்று: நான் குறையில்லாமல் இருந்தால்தான் மற்றவர்கள் என்னை ஏற்பார்கள் என்ற நினைப்பு. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அப்படி என்றால், தெருமுனைப் பலகையில் மார்க்கோடு முகம் தொங்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் நெஞ்சை எந்த அளவுகோல் கொண்டு அளப்பீர்கள்?

சில வருஷங்களுக்கு முன் சென்னையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் கல்வெட்டுப் படிக்கச் சொல்லித்தருகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். மைப்படியை மேசைமேல் விரித்தார்கள். பார்த்ததும் கண் நிறைந்தது. ஆசிரியர் ஒவ்வொருவரையும் ஒரு வரி படிக்கச் சொன்னார். எனக்கு முன்னால் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர். தப்பும் தவறுமாக, உரக்க, மகிழ்ச்சியாகப் படித்தார். ஆசிரியர் திருத்தினார். "அட, ஆமாம்ல!" என்று சிரித்துவிட்டு மேலே போனார். என் முறை வந்தது. எனக்குத் தெரிந்த எழுத்துகள்தான். பன்னிரண்டு வயதில் தரையில் படுத்துக்கொண்டு படித்த எழுத்துகள். மூன்றாவது எழுத்து வகரமா பகரமா என்று ஒரு சின்ன ஐயம். வாய் திறக்கவில்லை. தொண்டை அடைத்துவிட்டது. எல்லாரும் காத்திருந்தார்கள். எழுந்து வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். ஐயம் இருந்தால் அடைப்புக்குள் போடு என்று சொல்லும் ஒரே படிப்பு. அதற்கு முன்னால் உட்கார்ந்தும் ஐயப்பட முடியாதவளாக என்னை ஆக்கிவிட்டீர்களே! என் ஆசையை மட்டும் பறித்திருந்தால் திரும்ப எடுத்துக்கொண்டிருப்பேன். ஆசைப்பட்டதைத் தொடுகிற தைரியத்தையும் சேர்த்துப் பறித்தீர்கள்.

அனிதாவை நினைக்காமல் இதை எழுத முடியவில்லை. அரியலூர் மாவட்டம், குழுமூர். எங்கள் பக்கத்துப் பெண். 1200க்கு 1176. மருத்துவம் படிக்க வேண்டும் என்பது அவளுடைய சொந்த ஆசை; அதற்குத் தகுதியான மார்க்கையும் எடுத்தாள். திடீரென்று நீட் என்று வாசலை மாற்றி வைத்தார்கள். உச்ச நீதிமன்றம் வரை போனாள். 2017 செப்டம்பர் 1 அன்று நம்மைவிட்டுப் போய்விட்டாள். அவள் கேட்டதை இல்லை என்றார்கள். நான் கேட்காததை இந்தா என்று திணித்தார்கள். இரண்டு பேரிடமும் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றுதான், உனக்கு என்னம்மா வேண்டும் என்று. அவள் போன பிறகும் ஊர் உலகமெல்லாம் அந்த 1176-ஐத்தான் சொல்லிச் சொல்லி அழுதது. எனக்கு அப்போது ஒரு பயம் வந்தது, இன்னும் போகவில்லை. 776 எடுத்த ஒரு பெண் போயிருந்தால் அழுதிருப்பீர்களா?

இந்த வருஷம் வேலையை விட்டுவிட்டேன். கல்வெட்டியல் படிக்கச் சேர்ந்துவிட்டேன். வகுப்பில் பாதிப் பேர் என்னைவிடப் பத்து வயது இளையவர்கள். என்னைவிட வேகமாகப் படிக்கிறார்கள். கூசுகிறது. கூசிக்கொண்டே வாய் திறக்கிறேன். போன வாரம், பிராமணர்களுக்கு நிலம் கொடுத்த ஒரு பிரமதேயக் கல்வெட்டில் வாய்க்கால் பெயரைத் தப்பாகப் படித்தேன். ஒரு பையன் திருத்தினான். ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுநாளும் போனேன்.

அப்பாவிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. தலையில் கைவைத்து உட்கார்ந்தார். "எலெக்ட்ரானிக்ஸ் சீட்டு, இவ்வளவு வருஷ எக்ஸ்பீரியன்ஸ், எல்லாத்தையும் வேஸ்ட் பண்றியேம்மா" என்றார். மறுபடியும் அந்தச் சொல்! "அப்பா, அது என் மார்க்குப்பா" என்றேன். அவருக்குப் புரியவில்லை. அவர் காட்டில் வெயிலில் நின்று என்னைப் படிக்கவைத்தவர். அவரை நான் வெறுக்கவில்லை, வெறுக்கவும் முடியாது. அதனால்தான் இத்தனை நாள் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன். பெற்றவர்களின் பாசத்தைக் காட்டியே பிள்ளையின் வாயை அடைக்கிற வித்தை இந்த ஊருக்கு நன்றாகத் தெரியும்.

என் பெரியப்பா மகனின் பெண் இந்த வருஷம் பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறாள். நல்ல மார்க். வெட்டுக்கிளி, தும்பி, பட்டாம்பூச்சி என்று நோட்டு நோட்டாக வரைந்து பெயர் எழுதி வைத்திருக்கிற பெண். போன ஞாயிற்றுக்கிழமை மாமா மறுபடியும் ஒரு விண்ணப்பத்தோடு வந்திருக்கிறாராம். வயதாகிவிட்டது, கையில் தடி, ஆனாலும் விண்ணப்பம். ஃபீஸ் குறைப்பார்களாம். வரும் திங்கட்கிழமை கொண்டுபோய்ச் சேர்க்கிறார்களாம். அவளைக் கேட்டீர்களா என்று போனில் கேட்டேன். "சின்னப் புள்ளைக்கு என்னம்மா தெரியும்?" என்றார் அண்ணன்.

திங்கட்கிழமைக்கு முன்னால் நான் ஊருக்கு வருகிறேன். அவளை முதலில் கேட்பேன், உங்கள் எல்லார் முன்னாலும் கேட்பேன். எனக்கு அந்தப் பள்ளிக்குப் போக வேண்டும் என்று அவளே சொன்னால் பெட்டியை நானே தூக்கி வண்டியில் வைக்கிறேன். இல்லை என்று சொன்னாலோ, வாய் திறக்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாலோ, அந்தப் பெட்டி வாசலைத் தாண்டாது. பெரியவர்கள் முன்னால் பேசுகிறாள், படித்த திமிர், ஊர் சிரிக்கும் என்று என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். என்னைத் தாண்டித்தான் அவளை அனுப்ப வேண்டும்.